ஏழு கிலோமீட்டர் குறுக்குவழி: மோசெல் பள்ளத்தாக்கில் ஒரு மிதிவண்டிப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

செப்டம்பர் மாதத்தின் முதல் வாரத்தில், கடலூரிலிருந்து சென்ற நானும் பிரான்சில் வாழும் எங்கள் புதுச்சேரி உறவினர் மூவரும் சேர்ந்து, ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரையில் ஆறு நாள் மிதிவண்டிப் பயணம் மேற்கொண்டோம். மூன்றாம் நாள் மாலை, பெர்ன்காஸ்டல்-கூஸ், ட்ராபென்-ட்ரார்பாக் என்ற இரண்டு ஊர்களுக்கும் நடுவிலுள்ள மலையின் இறக்கத்தில், எங்களில் மூத்தவரான என் பெரியப்பா மகன் வண்டியோடு சரிந்து விழுந்ததில் அவருடைய வலது மணிக்கட்டருகே எலும்பு முறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆறு வாரக் கட்டுடன் முடிந்தது. ஆனால் அந்த விழுகை வழுக்கல் பாதையால் மட்டும் நேர்ந்ததன்று. அதற்கான காரணங்கள் மூன்று மாதங்களுக்கு முன்பே, மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு மேசைமீது விரித்த வரைபடத்தில் தொடங்கிவிட்டன. திட்டம் போட்டவன் நான் என்பதால், அவற்றை வரிசைப்படுத்தி எழுதும் கடமையும் என்னுடையதே.

பயணிகளும் பயிற்சியும்

அண்ணனுக்கு வயது 61. இளமையில் பிரெஞ்சு இராணுவத்தில் சேர்ந்து, எங்கள் ஊர் வழக்கில் சொன்னால் 'சொல்தா'வாகி, ஓய்வுக்குப் பின் மெட்ஸ் நகரில் குடியேறியவர். மெட்ஸ் நகரும் இதே மோசெல் ஆற்றின் கரையில்தான் இருக்கிறது. வோஜ் மலையில் பிறக்கும் ஆறு பிரான்சைக் கடந்து, லக்சம்பர்க்கின் எல்லையாக ஓடி, ஜெர்மனிக்குள் நுழைந்து கோப்ளென்ஸில் ரைன் நதியோடு கலக்கிறது. அவருடன் அண்ணியும், அங்கே படித்துக்கொண்டிருக்கும் என் அக்கா மகனும் வந்தார்கள். அவர்கள் மூவரிடமும் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு உண்டு. விசா ஒட்டியது என் கடவுச்சீட்டில் மட்டும்தான். அந்த விசாவுக்குப் பெயர் கொடுத்த ஷெங்கன் என்ற சிற்றூர் மோசெல் கரையில் இருப்பதும், 1985 ஜூன் 14 அன்று அந்த ஒப்பந்தம் மூன்று நாட்டு எல்லைகள் கூடும் இவ்வாற்றின்மேல் ஒரு கப்பலில் வைத்துக் கையெழுத்தானதும் தெரிந்த பிறகு, பயணத்தை அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்று அடம்பிடித்தேன்.

நான் கடலூரிலும் அண்ணன் மெட்ஸிலும் தனித்தனியே பயிற்சி செய்தோம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையிலான சாலை உள்ளங்கைபோல் சமதளமானது. அதில் மிதிப்பவருக்கு எதிரி கடற்காற்றும் வெயிலும்தான்; ஏற்றம் என்ற ஒன்றே இல்லை. கடலூர்க்காரர்கள் 'மலை' என்று அழைக்கும் கேப்பர் மலையும் ஒரு செம்மண் மேடு என்பதை, வேறு மலை பார்த்தவர்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள். திருவந்திபுரத்தில் ஔஷதகிரியின் 74 படிகளை ஏறி இறங்கியதைப் பயிற்சிக் கணக்கில் எழுதி வைத்திருந்தேன் என்பதை இப்போது படிக்கையில் சிரிப்பு வருகிறது. ஒரு நாளில் 60 கி.மீ. ஓட்டும் திறன் எங்கள் நால்வருக்கும் வந்திருந்தது. திட்டத்தில் எந்த நாளும் 55 கி.மீட்டரைத் தாண்டவில்லை. ஆகவே போதும் என்று நினைத்தேன்.

நிலத்தின் இயல்பு

மோசெல் பள்ளத்தாக்கைப் பற்றி முதலில் புரிந்துகொள்ள வேண்டிய முரண் ஒன்று உண்டு. அது மலைநாடு, ஆனால் அதன் ஆற்றங்கரைப் பாதை ஏறத்தாழ முழுச் சமதளம். 1956-இல் பிரான்ஸ், ஜெர்மனி, லக்சம்பர்க் ஆகிய மூன்று நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி ஆறு சரக்குக் கப்பல்களுக்காகத் திருத்தப்பட்டு, 1964-இல் திறக்கப்பட்டது. ட்ரியர் நகரிலிருந்து கோப்ளென்ஸ் வரை பத்துத் தடுப்பணைகளும் அவற்றோடு இணைந்து, நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைத்துக் கப்பலை ஏற்றி இறக்கும் மதகுகளும் இருப்பதால், ஆறு பத்துப் படிகளாக வைத்த நீண்ட ஏரிகளைப்போலக் கிடக்கிறது. ஆண்டில் பாதி நாள் மணலாகக் கிடந்து, மீதி நாளில் எப்போது கரை மீறும் என்று சொல்ல முடியாத தென்பெண்ணையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, செப்டம்பரிலும் கரை தொட்டு நிற்கும் அந்த நீர் முதலில் நம்பும்படி இல்லை. (அங்கும் வெள்ளம் உண்டு. கோகெம் ஊரில் 1993 வெள்ளத்தின் உயரத்தைக் குறித்துவைத்த கோட்டைத் தலையை அண்ணாந்துதான் பார்க்க முடிந்தது.)

ஆற்றின் இருபுறமும் நிலைமை வேறு. இடக்கரைப் பக்கம் ஐஃபல், வலக்கரைப் பக்கம் ஹுன்ஸ்ரூக் என்னும் இரு மேட்டுநிலங்களை அறுத்துக்கொண்டு ஆறு ஓடுவதால், கரையிலிருந்து விலகிய சில நூறு மீட்டரிலேயே சரிவு செங்குத்தாக எழுகிறது. 50 பாகை வடக்கு அட்சரேகையை ஒட்டிய அந்தக் குளிர்நாட்டில் திராட்சை பழுப்பதற்குக் காரணமே இந்தச் சரிவுதான். தெற்கு நோக்கிய சரிவில் தாழ்வான கதிரவனின் ஒளி நேராக விழுகிறது. மேற்பரப்பில் சிதறிக் கிடக்கும் கருநீலப் பலகைக்கல் பகல் வெப்பத்தை வாங்கி வைத்து இரவில் விடுகிறது. கீழே ஆற்றுநீர் ஒளியைத் திருப்பியடிக்கிறது. எனவே கதிரவன் படும் பக்கம் முழுக்க ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் திராட்சைக் கொடிகள், படாத பக்கம் முழுக்கக் காடு. பிரெம் என்ற ஊரின் மேலுள்ள கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 பாகை வரை செங்குத்தானது. அங்கே உழவர்கள் ஒற்றைத் தண்டவாளத்தில் ஏறும் சிறு வண்டியில் உட்கார்ந்துதான் தோட்டத்துக்குப் போகிறார்கள்.

இந்நிகழ்வுக்கு இன்றியமையாத மூன்றாவது கூறு, ஆற்றின் வளைவுகள். ட்ரியரிலிருந்து கோப்ளென்ஸ் நேர்கோட்டில் 95 கி.மீ. தொலைவுதான், ஆறு அதைக் கடக்க அதைப்போல் இருமடங்கு, ஏறத்தாழ 190 கி.மீ., எடுத்துக்கொள்கிறது. வளைவுகளிலேயே ஆளை அதிகம் ஏமாற்றுவது பெர்ன்காஸ்டலில் தொடங்குவது. அங்கிருந்து ட்ராபென்-ட்ரார்பாக் வரை ஆற்றோரம் 23 கி.மீ. மிதிக்க வேண்டும். இடையிலுள்ள மலையைத் துளைத்துப் பார்த்தால் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஐந்து கி.மீட்டரே உள்ளது.

நிகழ்ந்தவை

முதலிரண்டு நாள்கள் குறையின்றிக் கழிந்தன. முதல் நாள் ஷெங்கனிலிருந்து ட்ரியர் வரை வந்து, உரோமானியரின் கருவாயிலான போர்ட்டா நீக்ராவின் அடியில் படம் எடுத்துக்கொண்டோம். காரல் மார்க்ஸ் பிறந்த வீட்டைப் பார்க்காமல் நகர மறுத்த அண்ணி, அன்று மாலை முழுவதையும் அங்கேயே செலவிட்டார். இரண்டாம் நாள் இரவு நொய்மாகென் என்ற ஊரில் தங்கினோம். அந்த ஊரில் 1878-இல் கண்டெடுக்கப்பட்ட, கி.பி. 220-ஐ ஒட்டிய உரோமானியக் கல்லறைச் சிற்பம் ஒன்றில், பீப்பாய்களை ஏற்றிய படகைத் துடுப்பு வலிப்பவர்கள் ஓட்டிச் செல்கிறார்கள். பதினெட்டு நூற்றாண்டுகளாக இந்த ஆற்றில் ஏறும் சரக்கு மாறவில்லை.

மூன்றாம் நாளின் திட்டம் 47 கி.மீ. ஏன் அன்று பெர்ன்காஸ்டலிலேயே தங்கவில்லை என்பது இங்கு முதல் கேள்வி. பெர்ன்காஸ்டலில் நடு மோசெல் ஒயின் திருவிழா செப்டம்பர் முதல் வார இறுதியை ஒட்டி நடக்கிறது. நான் ஜூனில் தேடத் தொடங்கியபோது நான்கு பேருக்கு அறை இல்லை. ட்ராபென்-ட்ரார்பாக்கில் கிடைத்தது. இரண்டு ஊர்களும் வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்துத் தெருப்போல் இருந்ததால், அதை ஒரு சலுகையாகவே எடுத்துக்கொண்டேன்.

காலையில் தூறல் பெய்ததால் பத்தரை மணிக்கு மேல்தான் கிளம்பினோம். பெர்ன்காஸ்டலை அடைந்தபோது பிற்பகல் ஒன்றரை. திருவிழாக் கூட்டத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து, உணவுக்காக உட்கார்ந்து, எழுந்தபோது மணி நான்கே கால். அந்த உணவின்போது அண்ணன் 200 மில்லிலிட்டர் கோப்பையில் இரண்டு கோப்பை இனிப்பில்லாத ரீஸ்லிங் ஒயின் அருந்தினார். தண்ணீர் தனியாக விலைக்கு வாங்க வேண்டியிருந்ததால் யாரும் போதிய அளவு குடிக்கவில்லை, குடுவைகளையும் நிரப்பவில்லை. நகருக்கு மேலே தெரிந்த 'டாக்டர்' என்ற தோட்டத்தைப் பற்றிப் பரிமாறியவர் ஒரு கதை சொன்னார். நோயுற்றுக் கிடந்த ட்ரியர் பேராயர் ஒருவரை மருத்துவர்கள் கைவிட்ட பிறகு அந்தத் தோட்டத்து ஒயின் குணப்படுத்தியதாம். அண்ணன் அந்தக் கதையை மருத்துவச் சான்றிதழாகவே ஏற்றுக்கொண்டார்.

ட்ராபென்-ட்ரார்பாக் செல்லும் பயணிகள் படகு மிதிவண்டிகளையும் ஏற்றும். ஆனால் அன்றைய கடைசிப் படகு போய்விட்டிருந்தது. தொடர்வண்டி பெர்ன்காஸ்டலில் இல்லை. முதன்மை இருப்புப்பாதை ட்ரியரைத் தாண்டியதும் பள்ளத்தாக்கை விட்டு விலகி, வெகுதூரம் சென்றுதான் மீண்டும் ஆற்றைத் தொடுகிறது. அப்போது அக்கா மகன் கைப்பேசியைக் காட்டி, "மாமா, ஆத்தோரமா போனா இருபத்து மூணு, மலை மேல போனா ஏழுகூட இல்ல" என்றான். நான் தயங்கினேன். "செஞ்சிக் கோட்டையே ஏறுனவங்கடா நாம, இது என்னா தம்பி பெரிய மலை" என்று அண்ணன் வண்டியைத் திருப்பிவிட்டார். அண்ணி மட்டும் ஆற்றோரமே போகலாம் என்றார். மூன்றுக்கு ஒன்று என்று அந்த வாக்கு தோற்றது.

முதல் ஒன்றரைக் கி.மீட்டர் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே கற்காரைப் பாதை. அதிலேயே நால்வரும் இறங்கித் தள்ளத் தொடங்கினோம். உச்சியை அடைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அங்கே அண்ணனுக்குக் கெண்டைக்காலில் தசை இழுத்துக்கொண்டது. பத்து நிமிடம் உட்கார்ந்து, இருந்த கொஞ்சம் தண்ணீரைப் பகிர்ந்துகொண்டு, இறங்கத் தொடங்கினோம். மறுபக்கம் கதிரவன் படாத பக்கம், காட்டுப் பாதை, காலைத் தூறல் அங்கே இன்னும் காயவில்லை. இரண்டாவது திருப்பத்தில் அண்ணனின் பின்சக்கரம் ஈர இலைகள்மேல் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் விலகியது. கையை ஊன்றி விழுந்தார். தலைக்கவசம் இருந்ததால் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. 112-ஐ அழைத்த பின் மருத்துவ ஊர்தி காட்டுப் பாதையின் கீழ்முனை வரை வந்தது. அதுவரை அவரை நடத்திக் கூட்டிச் சென்றோம். மருத்துவமனையில் அவருடைய ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டை செல்லுபடியானது. விழுந்தது நானாக இருந்திருந்தால், கடலூரில் எடுத்த பயணக் காப்பீட்டின் நிபந்தனைகளை முதன்முறையாக அந்த வரவேற்பறையில் உட்கார்ந்துதான் படித்திருப்பேன்.

ஏன் நேர்ந்தது

'அவ்வளவு பெரிய மலையை ஏறினால் உடல் தளராதா' என்று ஊரில் எல்லோரும் ஒரே விளக்கம் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது தவறு. அண்ணன், வண்டி, பை எல்லாம் சேர்த்து 105 கிலோ என்று கொள்வோம். அதை 250 மீட்டர் உயர்த்தத் தேவைப்படும் வேலை ஏறத்தாழ 260 கிலோஜூல். ஆற்றோரம் 23 கி.மீட்டரை மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் மிதிக்கக் காற்றையும் சக்கர உராய்வையும் வெல்ல 60 வாட் போதும். ஒன்றரை மணி நேரத்துக்கு அது ஏறத்தாழ 330 கிலோஜூல் ஆகிறது. ஆக மொத்த வேலையைப் பார்த்தால் குறுக்குவழியே மலிவு. அக்கா மகனின் உள்ளுணர்வு அந்த அளவில் சரிதான்.

பிழை மொத்தத்தில் இல்லை, வீதத்தில் இருக்கிறது. பத்து விழுக்காட்டுச் சரிவில் மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் மிதிக்க 180 வாட்டுக்கு மேல் வேண்டும். சமதளத்தில் மட்டும் பழகிய அறுபது வயதுக்காரர் நீடித்துத் தரக்கூடியது 100 வாட் என்றால், அவரால் மணிக்கு 3 கி.மீ. வேகத்துக்கு மேல் ஏற முடியாது. அது வீராம்பட்டினம் தேர் நகரும் வேகம். அந்த வேகத்தில் இருசக்கர வண்டி நிமிர்ந்தே நிற்காது. எனவே இறங்கித் தள்ள வேண்டும். பையோடு 30 கிலோ கனக்கும் வண்டியைச் சரிவில் தள்ளுவது கெண்டைக்காலையும் மணிக்கட்டையும் பதம்பார்க்கும் வேறொரு வேலை. அதற்கு யாரும் பயிற்சி செய்திருக்கவில்லை.

இரண்டாவது காரணம் வண்டி. நாங்கள் வாடகைக்கு எடுத்தவை ஆற்றோரப் பாதைக்கென்றே அமைந்த ஏழு கியர் வண்டிகள். கியர் பின்சக்கரத்தின் மையத்துக்குள்ளேயே இருப்பதால் பராமரிப்பு குறைவு. ஆனால் அதன் மிகக் குறைந்த கியரிலும் மிதியை ஒருமுறை சுற்றினால் வண்டி மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்துவிடும். மெல்ல ஏறும்போது நிமிடத்துக்கு 35 சுற்றுதான் வரும். ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் முழுப் பளுவையும் தாங்கும். இன்னொன்று, இவ்வண்டிகளின் பின்பிரேக் கைப்பிடியில் இல்லை. மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிக்கும் வகை. நம் ஊரில் வண்டி தானாக ஓடும்போது மிதியைச் சும்மா பின்னோக்கிச் சுற்றும் பழக்கம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. அண்ணன் மெட்ஸில் ஓட்டிப் பழகியது கைப்பிரேக் வண்டி. முதல் நாளே இரண்டு முறை அவருடைய வண்டி எதிர்பாராமல் நின்றது. நாங்கள் சிரித்துவிட்டு மேலே சென்றோம். திருப்பத்தில் தடுமாறிய கணத்தில் கால் பழைய பழக்கப்படி பின்னோக்கிப் போயிருக்க வேண்டும், சக்கரம் பூட்டிக்கொண்டது. அந்த இறக்கத்தில் பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றலும் அதே 260 கிலோஜூல்தான் என்பதை நினைவில் கொள்ளலாம்: அறை வெப்பத்திலுள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தேவையானதில் ஐந்தில் நான்கு பங்கு அது.

மூன்றாவது, ஒயின். இதை அண்ணன் இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை; ஆனாலும் எழுத வேண்டும். பதினொரு விழுக்காட்டு ஒயினில் 400 மில்லிலிட்டர் என்பது ஏறத்தாழ 35 கிராம் மது. அவருடைய எடைக்கும், உணவோடு கழிந்த நேரத்துக்கும் கழித்துப் பார்த்தால், மலையேறத் தொடங்கியபோது இரத்தத்தில் ஆயிரத்தில் 0.4 பங்கு இருந்திருக்கலாம். ஜெர்மனியில் மிதிவண்டிக்கு 1.6 தான் எல்லை என்று கேள்விப்பட்டு நாங்கள் அசட்டையாக இருந்தோம். ஆனால் மதுவின் தாக்கத்தால் தடுமாறி ஓட்டினாலோ விபத்து நேர்ந்தாலோ 0.3 முதலே குற்றமாகலாம் என்பது அதே சட்டத்தின் மறுபாதி. காவல்துறை வரவில்லை என்பது எங்கள் நல்லூழ். அளவை மட்டும் பேசுவதும் போதாது. கள் குடித்தவன் கடையிலிருந்து வீட்டுக்கு நடந்துபோவான்; இங்கே ஒயின் விற்கும் இடமும் ஓட்டும் பாதையும் ஒன்றாகவே ஓடுகின்றன. தோட்டக்காரர்களே ஆண்டில் நான்கு மாதம் வரை, நாற்பது இருக்கைக்கு மிகாமல் நடத்தும் பருவக் கடைகள் கரை நெடுக இருக்கின்றன. வாசலில் அடையாளமாகத் தொங்கும் தழைக்கொத்தைப் பார்த்து உள்ளே போகலாம். கபினெட் வகை இனிப்பு ரீஸ்லிங்கில் மது எட்டு விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். மதியத்துக்கு அதில் 100 மில்லிலிட்டர் கோப்பை ஒன்று, மீதி மாலையில் தங்குமிடத்தில் என்று அடுத்த நாளிலிருந்து வைத்துக்கொண்டோம்.

இவை மூன்றையும்விட என்னை உறுத்துவது நேரத்தைப் பற்றிய பதற்றம். மாலை நான்கே கால் ஆனதும் நான் மனத்துக்குள் கடலூர்ப் பொழுதைத்தான் எண்ணினேன்: ஆறேகாலுக்கு இருட்டிவிடும், 23 கி.மீட்டரை முடிக்க முடியாது; ஆகவே குறுக்கே போக வேண்டும். உண்மையில் அங்கே செப்டம்பர் தொடக்கத்தில் கதிரவன் மறைவது இரவு எட்டு மணிக்குப் பிறகு. ஆற்றோரம் மெதுவாக மிதித்து, வழியில் ஒரு காபியும் குடித்து, ஏழு மணிக்குள் வெளிச்சத்திலேயே சேர்ந்திருக்கலாம். நாட்குறிப்பில் தொலைவு எழுதியிருந்தேன், தங்குமிடம் எழுதியிருந்தேன், படகின் கட்டணம்கூட எழுதியிருந்தேன். கதிரவன் மறையும் நேரமும் கடைசிப் படகின் நேரமும் மட்டும் அதில் இல்லை. அண்ணி வாக்கில் தோற்றபோது நான் அவர் பக்கம் நிற்காததற்கு இதுவே காரணம்.

பின்னர்

நான்காம் நாளை ஓய்வு நாளாக வைத்திருந்தது தற்செயலான நல்ல முடிவு. கடைசி இரண்டு நாளும் அண்ணன் பைகளோடு தொடர்வண்டியில் வந்தார். ட்ராபென்-ட்ரார்பாக்கிலிருந்து புல்லாய் வரை ஒரு கிளைப் பாதையும், அங்கிருந்து கோகெம் வழியாகக் கோப்ளென்ஸுக்கு முதன்மைப் பாதையும் உண்டு. நாங்கள் மூவரும் ஆற்றை விட்டு நூறு மீட்டர்கூட விலகாமல் மிதித்துச் சேர்ந்தோம். சொல்லும்படியாக வேறொன்றும் நடக்கவில்லை. அடுத்த முறைக்கான பயிற்சியை ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் வைத்திருக்கிறேன். மலையேறுவதற்காக அன்று, எங்கே இறங்கித் தள்ள வேண்டும் என்பதை உடம்பு முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்காக.

அந்த ஓய்வு நாளில், கட்டுப் போட்ட கையோடு அறையில் உட்கார்ந்திருக்க முடியாது என்று அண்ணன் சொன்னதால், நால்வரும் படகேறிப் பெர்ன்காஸ்டலுக்கே திரும்பிப் போய் வந்தோம். முந்தைய நாள் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே வளைவு: க்ரோஃப், ஊர்சிக், செல்டிங்கன் மதகில் நீர் ஏறும்வரை காத்திருப்பு. அதைத் தாண்டியதும் கரைப் பலகையில் ஊர்ப்பெயரைப் படித்த அண்ணி, "வேலனாம்!" என்று எழுந்து நின்றார். வேலென் என்ற அந்த ஊருக்கு எதிர்ச்சரிவில், திராட்சைக் கொடிகளுக்கு நடுவே ஒரு பாறை முகப்பில், 1842-இல் அமைத்த சூரியக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. தோட்ட வேலையாட்கள் நேரம் தெரிந்துகொள்ள வைத்தது. இன்று உலகெங்கும் ஒயின் புட்டிகளில் அச்சாகும் பெயர் அந்தத் தோட்டத்துடையதே. வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. என் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டரை. பாறைமேல் நிழல் பதினொன்றைக் காட்டியது. கோடைகால நேரமும் அந்த ஊர் நிற்கும் தீர்க்கரேகையும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் வித்தியாசம் என்று அண்ணனுக்கு விளக்கினேன். அவர் கட்டுப் போட்ட கையைக் கைப்பிடிக் கம்பியில் வைத்துக்கொண்டு, "இத நேத்தே பாத்திருந்தா இன்னும் பொழுதிருக்குதுன்னு தெரிஞ்சிருக்கும்ல, தம்பி" என்றார்.